மணலைக் கண்டு மயங்கலாமா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

"ஆழமறியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றுக்கும் குளத்துக்கும் சொல்லப்பட்ட இவ்வறிவுரை கடலுக்கு எத்தனை மடங்கு பொருந்தும்! ஆயினும் கடற்கரை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஆழமன்று, அழகே. பால்போன்ற வெண்மணல், அதன்மீது சாய்ந்து நிற்கும் தென்னை, அப்பால் நீலப் பட்டு விரித்தாற்போன்ற நீர். நாட்காட்டிப் படங்களில் இக்காட்சியைக் காணாதவர் இருக்க முடியாது. அதுவும் கரீபியன் கடல் என்றால் கேட்கவே வேண்டாம். அக்கடலில் சிதறிக் கிடக்கும் சிறு தீவுகளை நாடி ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். அங்கே இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதற்கேள்வி, "இங்கே நீந்துவதற்கு நல்ல கடற்கரை எது?" என்பதாகும்.

கேள்வி எளிது. விடை எளிதன்று. நல்ல கடற்கரையை மணலைக் கொண்டு அளப்பது, புத்தகத்தை அட்டையைக் கொண்டு அளப்பதற்கு ஒப்பாகும் என்பது எங்கள் கருத்து. காற்றையும் நீரையும் நீருக்கடியில் வாழும் உயிர்களையும் கொண்டே கடற்கரையை அளக்க வேண்டும். அப்படி அளந்து பார்த்தால் இன்னோர் உண்மையும் விளங்கும். நல்ல கடற்கரைகள் தாமாகவே நல்லவையாக இருந்துவிடுவதில்லை. யாரோ சிலர் பாடுபட்டு அவற்றைக் காத்து வருகிறார்கள். இக்கருத்தைப் பொனேர் என்னும் ஒரு சிறு தீவைச் சான்றாகக் கொண்டு விளக்க முற்படுகிறோம். நாங்கள் அத்தீவுக்குச் சென்றவர்கள் அல்லர். நூல்களிலும் தேசப்படத்திலும் கற்றதைக் கொண்டே எழுதுகிறோம்.

வளரி போன்ற தீவு

தேசப்படத்தில் தென்னமெரிக்காவின் வடகரையைப் பாருங்கள். வெனிசுவேலா நாட்டுக்கு வடக்கே அரூபா, குராசோ, பொனேர் என மூன்று தீவுகள் காணப்படும். அவற்றுள் கிழக்குக் கோடியில் இருப்பது பொனேர். இதன் பரப்பு ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 25,000. நெதர்லாந்து அண்டிலீசு என்ற அமைப்பு 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் கலைக்கப்பட்ட பின், பொனேர் நெதர்லாந்து நாட்டின் தனிச்சிறப்பு நகராட்சியாக விளங்குகிறது. மக்கள் பேசும் மொழி பாப்பியமெந்து. தலைநகர் கிராலெண்டைக்.

பாண்டி நாட்டு வீரர்கள் எறிந்த வளரியைப்போல் இத்தீவு வளைந்து காணப்படும். வளைவின் உட்புறம் மேற்கு நோக்கியது. அவ்வளைவின் அணைப்பில், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், க்ளைன் பொனேர் என்னும் குட்டித்தீவு கிடக்கிறது. தாயின் மடியில் குழந்தை கிடப்பதுபோன்ற இந்த அமைப்பை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நல்ல கடற்கரையைத் தேடுவோருக்கு இதுவே முதற்பாடம்.

காற்றைக் கேள்

புவியியல் பாடத்தில் வியாபாரக் காற்றுகளைப் பற்றிப் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் பொனேர் தீவில் அந்தப் பாடம் உயிர் காக்கும் பாடம். அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று கிழக்கிலிருந்தே வீசுகிறது. திறந்த கடலில் நெடுந்தூரம் தடையின்றி வந்த அலைகள் தீவின் கிழக்குக் கரையில் மோதிச் சிதறுகின்றன. இது காற்றுமுகப் பக்கம். மேற்குக் கரையோ காற்றுமறைவுப் பக்கம். தீவே மதிலாக நின்று காற்றைத் தடுப்பதால் அங்குள்ள நீர் பெரும்பாலான நாட்களில் குளம்போல் அமைதியாக இருக்கிறது.

வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா உள்ளது. 1969-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இப்பூங்காவின் காற்றுமுகப் பக்கத்தில் பிளாயா சிக்கித்து என்னும் கடற்கரை இருக்கிறது. வெண்மணல், இருபுறமும் பாறை, நடுவே நுரை பொங்கும் அலை எனப் படத்தில் பார்த்தால் உடனே இறங்கி நீந்தத் தோன்றும். ஆனால் அங்கே நீந்துவது ஆபத்து. கரையைத் தழுவிய அலை திரும்பும்போது ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அம்மணல் கடலாமைகள் முட்டையிடுவதற்கு ஏற்றது. நாம் நீந்துவதற்கு ஏற்றதன்று. அதே பூங்காவின் மேற்குப் பக்கத்தில் போக்கா ஸ்லாக்பாய், பிளாயா ஃபுஞ்சி முதலிய சிறு குடாக்கள் உள்ளன. அங்கே காலுக்கடியில் கல் உறுத்தும். ஆயினும் நீர் அமைதியானது. கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றாலே மீன்கூட்டம் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே பூங்கா, இரண்டு கரைகள். அழகிய மணல் உள்ள கரை ஆளை விழுங்குகிறது. கல் நிறைந்த கரை கடலின் செல்வத்தைக் காட்டுகிறது. அழகு சோறு போடுமா என்று நம் பாட்டிமார் கேட்பார்களே, அது கடற்கரைக்கும் பொருந்தும் அல்லவா?

இவ்விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. தீவின் தென்கிழக்கில், காற்றுமுகப் பக்கத்திலேயே, லாக் என்னும் அகன்ற குடா அமைந்துள்ளது. அங்கே நீர் முழங்கால் அல்லது இடுப்பளவுதான். நீந்தப் பழகாதவர்களும் அச்சமின்றி நிற்கலாம். காற்றுமுகத்தில் இந்த அமைதி எங்கிருந்து வந்தது? குடாவின் வாயிலில் பவளப்பாறைத் திட்டு ஒன்று அரணாக நின்று அலைகளை உடைத்துவிடுகிறது. உள்ளே கடற்புல் வெளியும் கண்டல் காடும் செழித்துள்ளன. கண்டல் வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகள் பகைவருக்கு அஞ்சாமல் வளர்ந்து, பின்னர் ஆழ்ந்த பாறைகளுக்குப் போய்ச் சேருகின்றன. ஆமைகள் கடற்புல்லை மேய்கின்றன. மனிதக் கால்கள் ஓயாமல் மிதித்தால் அப்புல் அழியும். ஆகவே நிற்க முடிந்த இடத்திலெல்லாம் நிற்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

கல்லே செல்வம்

நீரின்மேல் குப்புற மிதந்தவாறு கடலடியைப் பார்க்கும் விளையாட்டை ஸ்நார்க்கெலிங் என்பர். கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி முகமூடி, வாயில் கடித்துக்கொள்ளும் வளைந்த மூச்சுக்குழல், காலில் வாத்தின் பாதம்போல் விரியும் ரப்பர்த் துடுப்பு, இம்மூன்றும் போதும். முத்துக் குளிப்பவரைப்போல் மூச்சை அடக்கி மூழ்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதற்கு வேண்டுவன மூன்று: அலையற்ற நீர், தெளிந்த நீர், கரைக்கு அருகில் பவளப்பாறை. மூன்றும் ஒருசேர வாய்ப்பது அரிது. பொனேரின் மேற்குக் கரையில் மூன்றும் வாய்த்துள்ளன.

நீர் ஏன் தெளிவாக இருக்கிறது? அத்தீவில் மழை குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர்தான். என்றும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஆறு இல்லாததால் வண்டல் கடலில் கலப்பதில்லை. நிலத்துக்குக் குறையாக இருப்பது கடலுக்கு நிறைவாக ஆயிற்று! கரையை ஒட்டி ஆழமற்ற மேடை ஒன்று நீருக்கடியில் பரந்துள்ளது. சுமார் 10 மீட்டர் ஆழம் வந்ததும் அது சரிந்து இறங்குகிறது. அம்மேடையிலும் சரிவின் விளிம்பிலும் பவளங்கள் மூளையைப்போலும், மான்கொம்பைப்போலும், விசிறியைப்போலும் வளர்ந்துள்ளன. படகு வேண்டாம். கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இவ்வாறு இறங்க முடியும். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிப் பெயர் எழுதிய கற்களே அவற்றுக்கு அடையாளம். பார்ப்பதற்கு மைல்கல் போன்ற இந்தக் கற்களைக் கவனியாமல் பெருமணலைத் தேடி வண்டியில் விரைவோர் எதை இழக்கிறார்கள் என்பதை அறியார்.

அவ்விடங்களுள் ஒன்றின் பெயர் 'ஆயிரம் படி'. எண்ணிப் பார்த்தால் நூறு படிகள்கூடக் கிடையா! ஆழ்கடலில் மூழ்குவோர் கனமான காற்றுக் கலங்களை முதுகில் சுமந்துகொண்டு ஏறும்போது ஆயிரமாகத் தோன்றுவதால் இப்பெயர் வந்ததாம். கீழே உள்ள கரை முழுவதும் வெளுத்த பவளத் துண்டுகள். வெறுங்காலுடன் நடப்பது கடினம். ஆயினும் நீருக்குள் முகத்தைத் தாழ்த்தியவர்கள் அவ்விடத்தைக் குறை கூறுவதில்லை.

மணலே வேண்டும் என்போருக்கும் வழி உண்டு. விமான நிலையத்துக்கு அருகில் தே ஆமோ என்னும் சிறு மணற்கரை இருக்கிறது. குழந்தைகளுடன் செல்வோருக்கு ஏற்றது. எதிரே உள்ள க்ளைன் பொனேர் தீவில் 'பெயரில்லாக் கடற்கரை' என்றே ஒரு மணற்கரைக்குப் பெயர்! அங்கே படகில் போவோர், நீரோட்டம் எத்திசையில் செல்கிறது என்று படகோட்டியிடம் கேட்டு, ஓட்டத்தின் மேல்முனையில் இறங்கி, அதன் போக்கிலேயே மிதந்து கரை சேருகின்றனர். நீரோட்டத்தை எதிர்த்து வெல்ல நினைப்பது பேதைமை. அதனைத் துணையாக்கிக்கொள்வதே அறிவு.

மணலின் கதை

இங்கே வாசகர் ஒருவர், "எனினும் மணல் அழகுதானே?" என்று கேட்கலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெண்மணல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பகுதி பவளப்பாறையிலிருந்தே வந்தது. கிளிமீன் என்று ஒரு மீன் உண்டு. கிளியின் அலகு போன்ற பற்களால் அது பாறையைச் சுரண்டி, மேலே படிந்த பாசியை உண்ணும். பாசியோடு சுண்ணாம்புப் பொடியும் வயிற்றுக்குள் போகும். உடலுக்கு வேண்டாத அப்பொடியை வெண்மணலாகக் கழித்துவிடும். அலைகள் நொறுக்கிய பவளமும் சிப்பியும் அதனோடு சேரும். கரீபியன் கரைகளில் நாம் கண்டு மயங்கும் மணல் இவ்வாறு சேர்ந்ததே!

ஆகவே பாறை இல்லையேல் மீன் இல்லை. மீன் இல்லையேல் பாறையைப் பாசி மூடிவிடும். பாறை மடிந்தால் புதிய மணல் பிறப்பதும் குறையும். இதனை உணர்ந்தே பொனேர் அரசு 2010-ஆம் ஆண்டில் கிளிமீன் பிடிப்பதைத் தடை செய்தது. மணலை விரும்புவோர் முதலில் பாறையை விரும்பக் கற்றுக்கொள்ள வேண்டும். வேரை வெட்டிவிட்டுக் கனிக்கு ஏங்குவது அறிவுடையோர் செயலா?

காத்தவர் யார்?

பொனேரின் நற்பேறு இயற்கையால் மட்டும் வந்ததன்று. பிற இடங்களில் பவளத்தை உடைத்து விற்றார்கள். நங்கூரம் பாய்ச்சிப் பாறையைச் சிதைத்தார்கள். பொனேர் மக்கள் காலத்தே விழித்துக்கொண்டார்கள். 1961-ஆம் ஆண்டிலேயே ஆமை முட்டைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1971-ஆம் ஆண்டில் ஈட்டித் துப்பாக்கியால் மீன் வேட்டையாடுவது தடை செய்யப்பட்டது. 1975-ஆம் ஆண்டில், உயிருள்ளதாயினும் மடிந்ததாயினும் பவளத்தை எடுக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. 1979-ஆம் ஆண்டில் தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும், கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, கடற்பூங்காவாக ஆக்கப்பட்டது. படகுகள் நங்கூரம் பாய்ச்சுவதற்குப் பதிலாக மிதவைகளில் கட்டப்படுகின்றன. மூழ்குவோர் கையுறை அணியக் கூடாது. கையுறை இருந்தால் பவளத்தைத் தொடும் துணிவு வந்துவிடும் அல்லவா? 1999-ஆம் ஆண்டில், தனியாரிடம் இருந்த க்ளைன் பொனேர் தீவு விலைக்கு வாங்கப்பட்டு மீட்கப்பட்டது. விடுதிகள் எழவிருந்த அந்த இடத்தில் இன்றும் ஆமைகள் முட்டையிடுகின்றன. வெயில் படாமல் பூசிக்கொள்ளும் களிம்புகளுள், பவளத்துக்குத் தீங்கு செய்யும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் இரு பொருள்கள் கலந்தவற்றை விற்பதற்கு 2021-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தடை உள்ளது.

இவற்றையெல்லாம் படித்தபின் எங்களுக்குத் தோன்றியது இதுதான். பயணி ஒருவர் ஒரு கடற்கரையை 'நான் கண்டுபிடித்தேன்' என்று மகிழ்கிறார். அவர் பிறப்பதற்கு முன்பே அதற்காக வாதாடிச் சட்டம் இயற்றிக் காவல் நின்றவர்களை அவர் அறியார். உழுதவனை அறியாமல் சோற்றை மட்டும் புகழ்வது போன்றதே இது.

எதிர்வாதங்கள்

எங்கள் வகுப்பில் இப்பொருள் பற்றிப் பேசியபோது எல்லாரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. சிலர், "கடல் யாருக்கும் சொந்தமன்று, அதில் இறங்கக் கட்டணம் வாங்குவது முறையா?" என்று கேட்டார்கள். பொனேரில் 1992-ஆம் ஆண்டு முதல் மூழ்குவோரிடமும், பின்னர் நீந்துவோர் உள்ளிட்ட பிற வருகையாளரிடமும் இயற்கைக் கட்டணம் வாங்கப்படுகிறது. அப்பணம் பூங்காவைக் காப்பதற்கே செலவாகிறது. தீவில் குடியிருப்போர் இதனைச் செலுத்த வேண்டியதில்லை. தம் வீட்டு முற்றத்தில் நடக்கத் தீவு மக்கள் கட்டணம் தருவதில்லை. விருந்தாளி தம் பங்குக்கு ஒரு கை அரிசி தருகிறார். இதில் அநீதி எங்கே இருக்கிறது?

வேறு சிலர், "தொடாதே, எடுக்காதே, நிற்காதே என்று இத்தனை கட்டளைகள் இருந்தால் மகிழ்ச்சி எங்கே?" என்று கேட்டார்கள். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நம் உயரத்துக்கு அது வளர நூறு ஆண்டுகளுக்கு மேலாகும். துடுப்பணிந்த கால் ஒருமுறை உதைத்தால் அது உடைய ஒரு நொடி போதும். நூறாண்டு உழைப்பை ஒரு நொடியில் அழிக்கும் உரிமை எவருக்கும் கிடையாது. நூலகத்தில் பேசக் கூடாது என்பது படிக்கும் இன்பத்தைக் கெடுப்பதற்கா? காப்பதற்குத்தானே!

மூன்றாவது கேள்வி கடினமானது. "நல்ல இடத்தைப் பற்றி எழுதினால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் அவ்விடம் கெடும். அப்படியானால் எழுதலாமா?" அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு அல்லவா? பொனேருக்கு ஓராண்டில் வரும் பயணிகளின் தொகை அங்கே வாழும் மக்களின் தொகையைப்போல் பல மடங்கு. பெருங்கப்பல் ஒன்று வந்து நின்றால் ஒரே நாளில் சில ஆயிரம் பேர் இறங்குகின்றனர். இக்கேள்விக்கு எங்கள் விடை இது: இடத்தின் பெயரை மட்டும் சொல்லுவது தீங்கு, பெயரோடு அதன் காற்றையும் விதியையும் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுவது நன்மை. அறிந்து வருபவர் நூறு பேர் இருந்தாலும் இடம் பிழைக்கும். அறியாமல் வருபவர் பத்துப் பேர் போதும், இடம் கெடுவதற்கு.

உப்புக்கரையில் ஒரு நிமிடம்

வரலாறு என்றோமே, அதில் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தீவின் தெற்கில் உப்பளங்கள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில், கடலைப் பார்த்தவாறு, சிறு சிறு கல் குடிசைகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே நுழைய வேண்டுமானால் ஆள் நன்றாகக் குனிய வேண்டும். 1850-ஆம் ஆண்டில் உப்பளத்தில் வேலை செய்த அடிமைகள் உறங்குவதற்காகக் கட்டப்பட்டவை அவை. அவர்களுடைய குடும்பங்கள் வடக்கே ரிங்கோன் என்னும் ஊரில் இருந்தன. வார இறுதியில் பல மணிநேரம் வெயிலில் நடந்துபோய்த்தான் மனைவி மக்களைக் காண முடியும். 1863-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நெதர்லாந்தின் கரீபியன் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது.

இன்று அக்குடிசைகளுக்கு எதிரேயுள்ள நீரில் பயணிகள் நீந்துகின்றனர். நீந்தட்டும், தவறில்லை. ஆனால் அந்தக் கரையை 'இளஞ்சிவப்பும் நீலமுமான அழகிய இடம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது நியாயமா? அந்த வெண்மையான உப்புக் குவியலை வாரியவர்களின் கண்களுக்குக் கடற்கரை எப்படித் தோன்றியிருக்கும்? நீரில் இறங்குமுன் அக்குடிசைகளில் ஒன்றின் வாசலில் குனிந்து பார்ப்பது, நீந்த வருவோர் ஒவ்வொருவரின் கடமை என்று நாங்கள் கருதுகிறோம்.

நீந்தத் தெரிய வேண்டும்

கடற்கரையை அறிவதோடு நம்மையும் அறிய வேண்டும். நீச்சல் தெரியாமல் எந்தக் கடற்கரையும் நல்ல கடற்கரை ஆகாது. "பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் எதற்கு?" என்று கேட்போர் இன்னும் இருக்கின்றனர். நீர் ஆண் பெண் பார்த்தா இழுக்கிறது? பொனேரில் கடற்பூங்காவைக் காக்கும் அமைப்பு 'இளங்காவலர்' என்னும் பயிற்சியைத் தீவின் சிறுவர் சிறுமியருக்கு அளித்து வருகிறது. நம்மையொத்த வயதினர் அங்கே தம் கடலைத் தாமே அறிந்து காக்கப் பழகுகின்றனர். அவர்களை எண்ணும்போது எங்களுக்குப் பெருமையும் சற்றே பொறாமையும் உண்டாகின்றன.

அமைதியான நீரிலும் சில விதிகளை மறத்தலாகாது. தனியாக இறங்கக் கூடாது. இறங்கும் வழியையே திரும்பும் வழியாகக் கொள்வதற்குக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்த்துவைக்க வேண்டும். நீரோட்டம் இருந்தால் முதலில் அதனை எதிர்த்து நீந்தி, களைப்பு வருமுன் அதனோடு திரும்ப வேண்டும். நெருப்புப் பவளம் பட்டால் தோல் எரியும்; கடல் முள்ளெலி குத்தினால் முள் உள்ளே ஒடிந்துவிடும். ஆகவே எதையும் தொடாதிருப்பது பவளத்துக்கு மட்டுமன்று, நமக்கும் நல்லது. முகமூடியைச் சரிசெய்யப் பவளத்தின்மேல் நிற்பவர்கள் உண்டு. அப்பழக்கத்தை மணற்பாங்கான இடத்திலேயே விட்டொழித்துவிட்டுப் பிறகு பாறையை நோக்கிச் செல்ல வேண்டும்.

காலம் தாழ்த்தலாமா?

இவ்வளவு காத்தும் பொனேரின் கடல் கவலையற்றுக் கிடக்கவில்லை. 1999-ஆம் ஆண்டு நவம்பரில் 'லென்னி' என்னும் சூறாவளி வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. அதன் அலைகள் காற்றுமறைவுப் பக்கத்தின் மென்மையான பவளங்களை நொறுக்கின. 2009-ஆம் ஆண்டில், இந்தோ-பசிபிக் கடல்களைத் தாயகமாகக் கொண்ட சிங்கமீன் அங்கே வந்து சேர்ந்து சிறு மீன்களை விழுங்கத் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டில் சர்காசம் என்னும் கடற்பாசி மலைபோல் மிதந்து வந்து காற்றுமுகக் கரைகளில் ஒதுங்கி அழுகியது. 2023-ஆம் ஆண்டில் கல்பவளங்களின் சதையை அரிக்கும் கொடிய நோய் அத்தீவின் கடலில் காணப்பட்டது. ஒரு பாறையிலிருந்து மறு பாறைக்கு நோய் பரவாதிருக்க, மூழ்குவோரும் நீந்துவோரும் தம் கருவிகளை மருந்துநீரில் கழுவுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். கடல்நீரின் வெப்பம் உயர உயரப் பவளங்கள் வெளுத்து மடிவதும் உலகெங்கும் நடந்துவருகிறது.

சட்டத்தால் நங்கூரத்தைத் தடுக்கலாம். வெப்பத்தை ஒரு தீவின் சட்டத்தால் தடுக்க முடியாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் நாடுகள் அனைத்தும் சேர்ந்தே அதனைத் தடுக்க வேண்டும். நெடுந்தொலைவிலிருந்து விமானத்தில் பறந்து சென்று, "ஐயோ, பவளம் வெளுத்துவிட்டதே!" என்று வருந்துவோர், தம் பயணத்தின் புகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாமா? அடிக்கடி ஓடி ஓடிப் பத்துத் தீவுகளைப் பார்ப்பதைவிட, ஒரு தீவுக்கு ஒருமுறை சென்று பலநாள் தங்கி, அதன் காற்றையும் நீரோட்டத்தையும் மக்களையும் நன்றாக அறிந்து திரும்புவதே மேல் என்பது எங்கள் துணிபு.

தோழியரே! உங்களில் ஒருவர் என்றேனும் ஒருநாள் பொனேர் தீவில் இறங்கும் வாய்ப்பைப் பெறலாம். அப்போது மணல் எங்கே என்று தேடாதீர்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். அடுத்து நீரோட்டத்தைக் கேளுங்கள். ஊர்க்காரரிடம் விதியைக் கேளுங்கள். சாலையோரத்து மஞ்சள் கல் ஒன்றின் அருகே நின்று, கல்லின்மேல் கவனமாகக் கால்வைத்து, நீரில் முகத்தைத் தாழ்த்துங்கள். கிளிமீன் பாறையைக் கடிக்கும் ஓசை நீருக்குள் 'கறுக் கறுக்' என்று கேட்கும். கேட்டுவிட்டு, ஒரு சிப்பியைக்கூட எடுக்காமல் வெறுங்கையோடு கரையேறுங்கள். பின்னால் வருபவளுக்கும் அந்த ஓசை கேட்க வேண்டும் அல்லவா?